ரேடியோவில் ‘இன்னும் இரண்டு நிமிடம்’ என்று கேட்டால் என்ன செய்ய வேண்டும்?

ஃப்ளோரிடாவில் ஒரு சிறிய விமான நிலையத்தில் பைலட் உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே கன்ட்ரோல் டவர் இல்லை. அதே ரன்வேயை ஒரு ஸ்கைடைவிங் நிறுவனமும் பயன்படுத்துகிறது. சனி, ஞாயிறு வந்தால் காலை முதல் மாலை வரை மேலிருந்து ஆட்கள் குதித்துக்கொண்டே இருக்கிறார்கள். “நான் எங்கே இருக்கிறேன் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே வந்தால் போதுமா? சட்டப்படி யார் யாருக்கு வழிவிட வேண்டும்? இன்னும் சில வாரங்களில் தனியாகப் பறக்க வேண்டும், பயமாக இருக்கிறது” என்பது அவர் கேள்வி.

நான் பறக்கக் கற்றுக்கொண்டதும் இப்படிப்பட்ட ஒரு விமான நிலையத்தில்தான். அதனால் இந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன்: ரேடியோ மட்டும் போதாது. குதிப்பவர்களிடம் ரேடியோ இல்லை. நீங்கள் சொல்வது அவர்களை ஏற்றிச்செல்லும் விமானத்தை ஓட்டும் ஜம்ப் பைலட்டுக்குக் கேட்கும், அவர் முதுகுக்குப் பின்னால் கதவருகே நிற்பவர்களுக்குக் கேட்காது. முதல் சில குதிப்புகளில் மாணவர்கள் ஒரு சின்ன ரிசீவரை மாட்டிக்கொண்டு வருவார்கள். அதில் தரையில் நிற்கும் அவர்களுடைய பயிற்சியாளர் குரல் மட்டும்தான் வரும். கதவைத் தாண்டிவிட்ட ஒருவரிடம் “பொறு, கீழே விமானம் வருகிறது” என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. உங்கள் ஐபேடில் மற்ற விமானங்களைக் காட்டும் திரையிலும் அவர் தெரிய மாட்டார், ஏனென்றால் தான் இருக்கும் இடத்தைச் சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்பான்டர் எதுவும் அவர் உடம்பில் இல்லை.

அப்படியானால் எதை நம்புவது? கடிகாரத்தையும் காற்றையும். ஒரு குதிப்பு எத்தனை நிமிடம், எந்த நிமிடத்தில் ஆட்கள் எந்த உயரத்தில், ரன்வேக்கு எந்தப் பக்கம் இருப்பார்கள் என்பது மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். இதை என் இன்ஸ்ட்ரக்டர் ஒரே ஒரு நாளில் எனக்குப் புரியவைத்தார்.

அன்று வெளியூர்ப் பயிற்சி முடிந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். இறங்கும் விமானங்கள் ரன்வேயைச் சுற்றி வரும் செவ்வகப் பாதைக்குப் பேட்டர்ன் என்று பெயர். எங்கள் ரன்வேயின் பேட்டர்ன் உயரம் 1,000 அடி. அதற்கு 500 அடி மேலே, ரன்வேயின் நடுவைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்பி டவுன்விண்டில், அதாவது பேட்டர்னில் ரன்வேக்கு இணையாகப் போகும் பகுதியில், சேர்வது என் திட்டம். பல இடங்களில் சொல்லித்தரும் முறைதான் அது. எங்கள் அலைவரிசை 122.8. சுற்றுவட்டாரத்தில் இன்னும் மூன்று, நான்கு விமான நிலையங்களுக்கும் அதுவேதான். ஒரே நேரத்தில் இருவர் பேச, கிரீச்சென்ற சத்தத்துக்கு நடுவே “டூ மினிட்ஸ் டு ஜம்பர்ஸ், தர்ட்டீன் தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட்” என்பது மட்டும் காதில் விழுந்தது. இன்னும் இரண்டு நிமிடத்தில் 13,500 அடியிலிருந்து குதிக்கிறார்கள் என்று அர்த்தம். எந்த ஊர் என்று கேட்கவில்லை. வேறு எங்கோ என்று நினைத்து நேராகவே போனேன். இன்ஸ்ட்ரக்டர் கையை நீட்டி விமானத்தை இடது பக்கம் திருப்பினார். “ஊர் பெயர் கேட்கவில்லை என்றால் அது நம் ஊர்தான் என்று வைத்துக்கொள்” என்றார்.

ஐந்து மைல் விலகி ஒரு ஏரிக்கு மேல் வட்டமடித்தோம். ரன்வேக்கு மேலே இருந்த வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மேகம்கூட இல்லை. ஒன்றுமே தெரியவில்லை. திடீரென்று ஒரு ஆரஞ்சு நிறத் துணி. அப்புறம் ஒரு நீலம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டு. அது வரை அந்த ஏழெட்டுப் பேரும் அதே வானத்தில்தான் விழுந்துகொண்டிருந்தார்கள். நான் கண் இமைக்காமல் பார்த்தும் ஒருவர்கூட என் கண்ணில் படவில்லை.

ஏன் படவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வயிறு கீழே இருக்க, கை கால் விரித்து விழும் ஒருவரின் வேகம் மணிக்கு சுமார் 120 மைல், அதாவது 190 கிலோமீட்டருக்கு மேல். நொடிக்கு 176 அடி. தலைகீழாக விழுபவர்கள் இன்னும் வேகம். ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து, அது என்னவென்று புரிந்து, மோதப் போகிறது என்று உணர்ந்து, கையைத் திருப்பி, விமானம் நிஜமாகவே திரும்புவதற்குள் சுமார் 12.5 நொடி ஆகிவிடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. தன் வழிகாட்டியில் சொல்கிறது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 2,200 அடி. அதாவது உங்களுக்கு 2,200 அடி மேலே அவர் இருக்கும்போதே நீங்கள் அவரைப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் ஒரு மனித உடம்பு சிறு புள்ளி. அதுவும் நேர் மேலே. நீங்கள் ஓட்டுவது செஸ்னா 172 என்றால் மேலே இருப்பது இறக்கை, அதைத் தாண்டி எதுவும் தெரியாது. மோதப்போகும் பொருள் கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. நகராத புள்ளியை நம் கண் எளிதில் பிடிக்காது. ஆகவே ஃப்ரீஃபாலில் (பாராசூட் திறக்கும் முன் விழும் நிலையில்) இருப்பவரைப் பார்த்து விலகிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அந்த ஒரு நிமிடம் அவருக்குக் கீழே இல்லாமல் இருப்பது ஒன்றே வழி.

1993 நவம்பரில் மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டன் விமான நிலையத்துக்கு மேலே நடந்தது இதுதான். அந்தப் பகுதியைக் கடந்துகொண்டிருந்த ஒரு பைப்பர் விமானத்தின் வாலில், ஃப்ரீஃபாலில் வந்த ஒரு ஸ்கைடைவர் மோதினார். விமானத்தில் இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். குதித்தவர் எப்படியோ பாராசூட்டைத் திறந்து, காலில் எலும்பு முறிவோடு தரையிறங்கினார். யாருக்கு ஆபத்து என்று பேசும்போது எல்லாரும் குதிப்பவரைத்தான் நினைக்கிறார்கள். சிறிய விமானத்தின் வால் ஒரு மனித உடம்பு மோதினாலே உடைந்துவிடும். அதில் உட்கார்ந்திருப்பவர்களின் உயிரும் அதே அளவுக்குப் பணயத்தில் இருக்கிறது.

சரி, இப்போது அந்தக் கடிகாரம். பெரும்பாலான இடங்களில் 13,000 அடி அல்லது 14,000 அடியில் குதிப்பார்கள். முதல் 10 நொடியில் சுமார் 1,000 அடி, அதற்கப்புறம் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை நொடி. ஆக, கதவை விட்ட ஒரு நிமிடத்தில் 4,000 அடிக்கு வந்துவிடுவார்கள். அனுபவசாலிகள் 3,000 அடியை ஒட்டியும் திறப்பார்கள். பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்கும் புதியவர்கள், அதாவது டாண்டம் குதிப்பவர்கள், 5,000 அடிக்கு மேலேயே திறந்துவிடுவார்கள். திறந்த பிறகு நிமிடத்துக்குச் சுமார் 1,000 அடி இறக்கம். டாண்டம் என்றால் ஐந்தாறு நிமிடம் மேலேயே மிதப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் குதிப்பதும் இல்லை. குழுவுக்குக் குழு சில நொடி இடைவெளி விடுவார்கள், அதனால் கடைசி ஆள் கதவை விட முதல் ஆளுக்கப்புறம் ஒரு நிமிடம்கூட ஆகலாம்.

ஆகவே “இரண்டு நிமிடம்” என்ற அறிவிப்பைக் கேட்டதிலிருந்து உங்கள் கைக்கடிகாரத்தில் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் குதிக்க, ஒரு நிமிடம் விழ, ஐந்தாறு நிமிடம் மிதக்க, மீதி கடைசி ஆளுக்கு. அந்தப் பத்து நிமிடமும் ரன்வேக்கு மேலாகக் குறுக்கே போகக் கூடாது. பேட்டர்னில் ஏற்கெனவே இருக்கிறீர்கள், ஸ்கைடைவர்கள் இறங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் சுற்றுகிறீர்கள் என்றால் தொடரலாம். பல இடங்களில் பேட்டர்னை ஒரு பக்கமும் இறங்கும் மைதானத்தை மறுபக்கமும் வைத்திருப்பது இதற்காகத்தான். ரன்வேயின் நடுவைக் கடந்து சேரும் அந்த முறை வேறு விமான நிலையங்களில் நல்ல முறையாக இருக்கலாம். ஸ்கைடைவிங் நடக்கும் இடத்தில் அதை மறந்துவிடுங்கள். வெளியிலிருந்து 45 பாகையில் டவுன்விண்டில் சேருங்கள். பத்து மைல் தூரத்திலிருந்தே அலைவரிசையைக் கேட்கத் தொடங்குங்கள்.

அப்புறம் காற்று. குதிப்பவர்கள் ரன்வேக்கு நேர் மேலே குதிப்பதில்லை. மேலே காற்று 40 நாட் (மணிக்கு சுமார் 74 கிலோமீட்டர்) வீசினால், விழும் அந்த ஒரு நிமிடத்திலேயே அரை மைலுக்கு மேல் தள்ளிக்கொண்டு போய்விடும். பாராசூட் குடை விரிந்த பிறகும் காற்றோடுதான் வர வேண்டும். அதனால் காற்று வரும் திசையில் அரை மைல், ஒரு மைல் தள்ளியே விமானத்தை விட்டு இறங்குவார்கள். காலையில் வானிலை அறிக்கை பார்க்கும்போது தரைக் காற்றோடு நிறுத்தாமல் 3,000, 6,000, 9,000, 12,000 அடிக் காற்றையும் பாருங்கள். மேற்கிலிருந்து பலமாக வீசுகிறது என்றால் அன்று ரன்வேக்கு மேற்கே இருக்கும் வானம் அவர்களுடையது. மேற்கிலிருந்து வர வேண்டியிருந்தால் சுற்றி வாருங்கள். இதற்கு ஆகும் பெட்ரோல் செலவை நான் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஆட்களை இறக்கிவிட்ட விமானம் மேலேயே நிற்காது. அடுத்த குழு தரையில் காத்துக்கொண்டிருக்கும், அதனால் ஜம்ப் பைலட் மூக்கைக் குத்தி வேகமாக இறங்குவார். பாராசூட்டுகள் இன்னும் மிதந்துகொண்டிருக்கும்போதே அவர் ஃபைனலுக்கு, அதாவது ரன்வேக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டத்துக்கு, வந்துவிடுவதும் உண்டு. உங்கள் திரையில் ஒரு விமானம் 13,500 அடியில் விமான நிலையத்துக்கு மேலே காற்றை எதிர்த்து மெதுவாக ஊர்ந்தால் குதிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அதே விமானம் திடீரென்று நிமிடத்துக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் அடி என்று இறங்கத் தொடங்கினால் குதித்துவிட்டார்கள். ரேடியோ காதில் விழாவிட்டாலும் இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். திரை ஆட்களைக் காட்டாது, ஆனால் அவர்களை ஏற்றி வந்த வண்டியைக் காட்டும்.

இனி சட்டம். அமெரிக்காவில் பாராசூட் குதிப்புகளுக்கான விதிகள் கூட்டாட்சி விமான விதிகளின் 105-ஆம் பகுதியில் இருக்கின்றன. குதிப்பதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் அந்தப் பகுதியின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். குதிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதாவது ஜம்ப் பைலட் அவர்களோடு ரேடியோ தொடர்பில் இருக்க வேண்டும். டவர் இல்லாத விமான நிலையத்தில் இறங்க அதன் நிர்வாகத்திடம் முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். மேகத்துக்குள் குதிக்கக் கூடாது. மற்ற விமானங்களுக்கு ஆபத்து உண்டாகும்படி குதிப்பதோ, குதிக்க விடுவதோ குற்றம். இந்தக் கடைசிப் பொறுப்பு குதிப்பவர், ஜம்ப் பைலட் இருவர் தலையிலும் இருக்கிறது. உங்கள் தலையில் இருப்பது அதே விதிகளின் 91.113-ஆம் பிரிவு: கண்ணால் பார்த்து விலக வேண்டும் என்ற விதி. பலூனுக்கு வழிவிடு, கிளைடருக்கு வழிவிடு என்றெல்லாம் அதில் வரிசை இருக்கிறது. ஸ்கைடைவர் அந்த வரிசையில் இல்லை, ஏனென்றால் அவர் விமானம் என்ற வகைக்குள்ளேயே வருவதில்லை.

அதனால் “யாருக்கு முன்னுரிமை” என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி விடை கிடைக்காது. என் விடை இது: குடைக்குக் கீழே தொங்குபவரால் மேலே ஏற முடியாது, இன்னொரு சுற்று போக முடியாது, நிற்கவும் முடியாது. உங்களால் முதல் இரண்டும் முடியும். முடிந்தவர்தான் வழிவிட வேண்டும்.

இங்கே கட்டுப்பாட்டு மையத்தைப் பற்றி ஒன்று. ஜம்ப் பைலட் அவர்களோடு பேசிக்கொண்டே இருப்பதால், எந்த நிமிடம் குதிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மாணவர்கள் அவர்களை அழைக்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன், வேகமாகப் பேசுவார்களே, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று. தயங்காதீர்கள். வெளியூர்ப் பயணத்தில் ‘ஃப்ளைட் ஃபாலோயிங்’ (ரேடாரில் உங்களைக் கவனித்து, பக்கத்தில் வரும் விமானங்களைச் சொல்லும் உதவி) கேட்டு வாங்குங்கள். வழியில் எங்கே குதிப்பு நடந்தாலும் பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். போகும் வழியில் இருக்கும் குதிப்பு இடங்களை வரைபடத்திலும் பார்த்துவையுங்கள், சின்ன பாராசூட் படம் போட்டிருக்கும். ஜி.பி.எஸ்ஸில் ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு நேர்க்கோடு போட்டுக்கொண்டு அதன் மேலேயே பறக்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. அந்தக் கோடு ஒரு பாராசூட் படத்தின் மேல் போனால் கோட்டை வளையுங்கள்.

உயரத்தில் இருக்கும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. தாழ்வில் இருப்பது நன்றாகவே தெரியும், இருந்தாலும் விபத்து நடக்கிறது. 2014 மார்ச்சில் உங்கள் ஃப்ளோரிடாவிலேயே மல்பெரி என்ற ஊருக்குப் பக்கத்தில், சவுத் லேக்லேண்ட் விமான நிலையத்தில் நடந்தது. 87 வயதான ஒரு பைலட் தன் செஸ்னா 170 விமானத்தில் இறங்கி ஏறிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். 49 வயது ஸ்கைடைவர் ஒருவர் பாராசூட் விரித்துத் தரையை நெருங்கிக்கொண்டிருந்தார். விமானத்தின் இறக்கையில் பாராசூட்டின் கயிறுகள் சிக்கின. அவர் சுழற்றி வீசப்பட்டார், விமானம் மூக்கு குத்தி விழுந்தது. அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் கேமராவில் அது முழுக்கப் பதிவாகியிருக்கிறது. இருவருமே பிழைத்தார்கள். அந்தப் படங்களைப் பாருங்கள். பளிச்சென்ற வெயில், தெளிந்த வானம், இரண்டு அனுபவசாலிகள். பார்வைக்குத் தடையாக எதுவுமே இல்லை.

என் கணிப்பில், தரைக்கு அருகே மிக மோசமான தருணம் கோ-அரவுண்ட். இறங்கப் போய், சரிவரவில்லை என்று முழு பவர் கொடுத்து மறுபடி ஏறுகிறீர்கள். மூக்கு மேலே நிற்கிறது, முன்னால் ஒன்றும் தெரியாது, வேகத்தைக் கவனிப்பதா, இறங்குவதற்காக இறக்கையில் விரித்துவைத்த ஃபிளாப்பை எடுப்பதா என்று கை நிறைய வேலை. அந்த நேரம் பார்த்து ஒருவர் ரன்வே பக்கமாகக் காற்றில் தள்ளப்பட்டு வரலாம். அதனால் குடைகள் 2,000 அடிக்குக் கீழே இருக்கும்போது ஃபைனலுக்கே வராதீர்கள். டவுன்விண்டை நீட்டிக்கொண்டு போங்கள், அல்லது பேட்டர்னை விட்டு விலகிவிட்டு வாருங்கள். புறப்படும்போதும் இதே கதைதான். ரன்வேயில் நுழைவதற்கு முன்னால் இடது, வலது பார்ப்பது போல அண்ணாந்தும் பாருங்கள். குடைகள் தெரிந்தால் இரண்டு, மூன்று நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். கடைசித் திருப்பத்தில் வேகம் பிடித்து, தரையை ஒட்டிப் பாய்ந்து வரும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். சின்னக் குடையில் மணிக்கு 60 மைலுக்கு மேல் வருவார்கள். அவர்கள் பார்வை முழுக்கத் தரையில்தான் இருக்கும், நீங்கள் உருளுவது அவர்கள் கண்ணில் படாது.

உங்கள் விமானம் கிளப்பும் காற்றையும் யோசியுங்கள். பாராசூட் என்பது காற்று நிரம்பியிருக்கும் வரைதான் இறக்கை. குழம்பிய காற்றில் மாட்டினால் அது மடங்கிப்போகும், ஐம்பது அடி உயரத்தில் அதைச் சரிசெய்ய நேரம் கிடையாது. தரையில் யாராவது ரன்வே ஓரமாக இறங்கிக் குடையைச் சுருட்டிக்கொண்டிருந்தால் நின்றுவிடுங்கள். துணியும் கயிறும் உங்கள் புரொப்பெல்லர் பக்கம் பறந்து வர ஒரு சிறு காற்று போதும். பக்கத்தில் வருகிறார் என்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

“இவ்வளவு தொல்லை எதற்கு, அவர்களை வேறு இடத்துக்குப் போகச் சொல்லலாமே” என்று உங்கள் ஹேங்கரில் யாராவது சொல்வார்கள். நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எஃப்.ஏ.ஏ. மானியம் வாங்கிய விமான நிலையம் பாராசூட் குதிப்பைக் காரணமில்லாமல் மறுக்க முடியாது, அதுவும் விமானத் துறை சார்ந்த செயல்பாடு என்பது எஃப்.ஏ.ஏ.வின் நிலை. பாதுகாப்புக் காரணம் சொல்லித் தடுக்க வேண்டுமானால் எஃப்.ஏ.ஏ. அதை ஆராய்ந்து ஏற்க வேண்டும். அது ஒருபுறம். உங்கள் மாநிலத்திலேயே டிலேண்ட், ஸெஃபர்ஹில்ஸ், செபாஸ்டியன் என்று நகராட்சி விமான நிலையங்களில் விமானங்களும் ஸ்கைடைவர்களும் பல ஆண்டுகளாக ஒன்றாகப் புழங்கி வருகிறார்கள். ஒருவரையொருவர் முகம் தெரிந்து பழகும் இடங்களில் வேலை ஒழுங்காக நடக்கிறது. நான் பார்த்த இரண்டு நூலிழைத் தப்பல்களிலும் விமானம் வெளியூரிலிருந்து வந்தது. உள்ளூர் பைலட்டுகளுக்கும் குதிப்பவர்களுக்கும் நடுவே நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

அதனால் தனியாகப் பறப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஸ்கைடைவர்கள் பக்கம் போய் உட்காருங்கள். ஜம்ப் பைலட்டிடம் பேசுங்கள். பார்வையாளராக ஒருமுறை மேலே கூட்டிப்போவீர்களா என்று கேளுங்கள், இடம் இருந்தால் சிலர் ஒப்புக்கொள்வார்கள். எனக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. கதவு திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. முதலில் நின்ற பெண் உடனே குதிக்கவில்லை. கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி நேர் கீழே பார்த்தார். பிறகு ரன்வேயின் இரண்டு முனைகளையும் பார்த்தார். கையை உயர்த்தி மற்றவர்களை நிறுத்திவைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்கைந்து நொடி கழித்து எங்களுக்கு வெகு கீழே ஒரு வெள்ளை விமானம் வயல்களுக்கு மேலாக ஊர்ந்து போவது எனக்கும் தெரிந்தது. அது தாண்டிப் போன பிறகே அவர் கையை இறக்கினார், குதித்தார்கள். அந்த விமானத்தில் இருந்தவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது.

அவர்கள் அறைச் சுவரில் விமான நிலையத்தின் வான்படம் ஒன்று பெரிதாக மாட்டியிருக்கும். யார் எங்கே இறங்க வேண்டும், எந்த உயரத்துக்குக் கீழே ரன்வேயைக் கடக்கக் கூடாது, காற்று மாறினால் எந்த மைதானம் என்றெல்லாம் அதில் குறித்திருப்பார்கள். அனுமதி கேட்டு அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பில் உங்கள் பேட்டர்னை அதன் மேல் பென்சிலால் வரைந்து, இரண்டும் எங்கே ஒன்றையொன்று தொடுகிறது என்று இன்ஸ்ட்ரக்டரோடு உட்கார்ந்து பாருங்கள்.